அறுபத்தொன்றாம் பக்கம்

சொந்தக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாயிண்ட்' என்பார்கள். வயதில் இளையவர்களுக்குப் பாயிண்ட் அண்ணன், அடுத்த தலைமுறைக்குப் பாயிண்ட் மாமா. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் ஒரு வரியைத் தட்டி, "இதுல ஒரு பாயிண்ட் இருக்கு" என்பார். பெரும்பாலும் இருக்கவும் செய்யும். வாடகை ஒப்பந்தம், கடன் படிவம், ஆஸ்பத்திரி பில், எதுவானாலும் அவர் கண் பட்ட பிறகுதான் குடும்பத்தில் யாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அவருக்கு வேலை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைப் பார்த்து, தரலாமா கூடாதா என்று எழுதி மேலே அனுப்பும் பிரிவு. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. தினமும் நாலு பேரிடமாவது, "பாலிசியில போட்டிருக்கே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க படிச்சிருக்கணும்" என்று சொல்ல வேண்டி வரும். கடுமையாகச் சொல்ல மாட்டார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

அவருக்கு ஒரே தங்கை. நாற்பத்து மூன்று வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்தும் வீட்டில் அவள் குட்டிதான். குட்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சொந்த வேன். காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் பதினெட்டையும் தலை எண்ணி ஏற்றி அவரவர் வாசலில் விடுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க யாராவது எங்கேயாவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அவரைப் போனில் கதறியபடி இருப்பார்கள். அதனாலோ என்னவோ, வீட்டில் அவர் வாயே திறக்க மாட்டார்.

இரண்டு பேரும் பதினைந்து வருஷமாகச் சேர்த்த பணத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குப் பிடித்தது கைக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது கண்ணுக்குப் பிடிக்கவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குட்டி ஒரு காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, ஏலத்துல ஒரு வீடு வருது. மூணு வருஷமா பூட்டிக் கிடக்கு. பெருசா ஒண்ணுமில்ல, கீழ ரெண்டு ரூம், மேல ஒண்ணு. ஆனா பக்கவாட்டுல வேன் நிறுத்த இடம் இருக்கு. இப்ப மூணு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வர்றேன், ரெண்டு தடவை கண்ணாடியை உடைச்சுட்டானுங்க."

"ஏலமா? வில்லங்கம் இருக்குமே."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்திருக்கேன். அவங்க ஆபீஸ்ல பத்திரக் கட்டை ஒரு மணி நேரம் கொடுத்தாங்க. எதிர்த்தாப்புல இருந்த ஜெராக்ஸ் கடையில எடுத்துட்டு வந்தேன். புதன்கிழமை ஏலம். நீ படிச்சுட்டு சரின்னு சொன்னா கை தூக்கறேன். வேண்டாம்னு சொன்னா அந்தப் பக்கமே போகல."

அவர் கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினார். இரண்டு பக்கமும் அச்சடித்து, மூலையில் தடித்த பின் அடித்த அறுபத்தெட்டுப் பக்கம்.

"வெச்சுட்டுப் போ," என்றார். உள்ளூர அவருக்குப் பெருமைதான். இருபது நாற்பது பக்கம் எல்லாரும் கொண்டு வருவார்கள். இவ்வளவு கனமாக ஒன்று அதுவரை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் முப்பது பக்கத்தை நியாயமாகப் படித்தார், அதில் குறை சொல்ல முடியாது. சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நான்கு எல்லை, வரைபடம், வரி ரசீது எல்லாம் ஒத்துப் போயின. இருபத்தேழாம் பக்கத்தில் தெருப் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்து வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் போட்டதும் மனசுக்கு வேலை முடிந்த மாதிரி ஒரு நிறைவு. கட்டை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினவர், சாப்பிடக் கூப்பிடும்போதுதான் எழுந்தார். அப்புறம் டிவியில் மேட்ச். திங்கட்கிழமை அலுவலகத்தில் தணிக்கை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அண்ணா, பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்," என்றார்.

நினைப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. ராத்திரி சாப்பிட்டதும் மிச்சத்தைப் புரட்டிவிடலாம், அப்போது அது பொய்யாக இருக்காது என்று ஒரு கணக்கு.

"எல்லாம் சரியா இருக்கா?"

"தெருப் பேருல ஒரு எழுத்து தப்பு, அது திருத்திக்கலாம். மத்தபடி கண்ணாடி மாதிரி சுத்தம்."

"எழுத்துப் பிழையைக் கூட விட மாட்டியா நீ!" அவள் சிரித்தது காதுக்கு இனிப்பாக இருந்தது. அன்றைக்கு யாரோ விருந்தாளி வந்தார்கள். மறுநாள் ஏலத்துக்குப் போகும் பஸ்ஸில் கட்டின் கடைசிப் பகுதியைத் திறந்தார். பிரதியின் பிரதியாக, கோணலாக, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தலைப்பு 'சிறப்பு நிபந்தனைகள்'. பஸ் குலுங்கியது. வழக்கமாகப் போடுகிறதுதானே என்று மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஏலம் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. எழுபது நாற்காலி, முன்னால் ஒரு மேடை. ஏலம் விடுகிறவர் நல்ல வாய்க்காரர். "கை தூக்கினா வலிக்காதுங்க, வீடு கிடைக்கும்" என்று சிரிக்க வைத்துக்கொண்டே விலையை ஏற்றினார். குட்டி எண் அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அவர்களிடம் இருந்த மொத்தப் பணத்தில் பதிவுச் செலவு, வண்ணம், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாவற்றையும் கழித்து அவர் போட்ட எல்லை. அந்த எல்லைக்கு ஒரு படி கீழே சுத்தியல் விழுந்தது.

குட்டி அழுதுவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக் எழுந்து வந்து மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

பக்கத்து மேஜையில் ஏல அலுவலகத்துப் பெண் ஒப்பந்தத்தை விரித்து வைத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். குட்டி ஒவ்வொரு இடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள்.

"சிறப்பு நிபந்தனை எல்லாம் பாத்திருப்பீங்க, முக்கியமா பதினொண்ணு. பாத்தாச்சுன்னா இங்க சுருக்கமா ஒரு கையெழுத்து."

குட்டி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் கேட்டிருக்கலாம். அது என்ன பதினொண்ணு, காட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சுத்தியல் விழுந்த பிறகு எதுவும் மாறாது என்றாலும் அங்கேயே தெரிந்திருக்கும். பக்கத்தில் மாப்பிள்ளை, எதிரே அந்தப் பெண், பின்னால் வரிசையில் நாலு பேர்.

"பாத்தாச்சு, போடு," என்றார் பாயிண்ட் அண்ணன்.

பத்தாவது நாள் விற்பவர் தரப்பு வக்கீலிடமிருந்து குட்டிக்கு ஒரு கணக்குத் தாள் வந்தது. வீட்டு விலைக்குக் கீழே இன்னும் நாலு வரி. விற்பவரின் வக்கீல் கட்டணம், விற்பவர் கொடுக்க வேண்டிய ஏலக் கமிஷன், பத்திரம் தேடி எடுத்த செலவு, மூன்று வருஷத்து வரி பாக்கி. நாலையும் வாங்குபவர்தான் கட்ட வேண்டும். கூட்டினால் குட்டிக்கு எட்டு மாத வருமானம்.

அவள் போன் பண்ணும்போது அவர் அலுவலகத்தில் இருந்தார்.

"அண்ணா, இது என்னது புதுசா? அவங்க வக்கீலுக்கு நாம எதுக்குக் காசு கொடுக்கணும்?"

"அப்படியெல்லாம் இருக்காதே."

"பதினோராவது நிபந்தனைன்னு போட்டிருக்கான்."

அவருக்குக் காதுமடல் சுட்டது. "நான் படிச்சப்போ அப்படி ஒண்ணும் இல்ல குட்டி. பின்னாடி சொருகியிருப்பானுங்க."

"அதானே! நீ பாக்காம விட்டிருப்பியா? அந்தக் கட்டை எடுத்து வை அண்ணா. நாளைக்கு நேர்ல போய் மூஞ்சியில விட்டெறியலாம். நீயும் வா."

அன்று சாயங்காலம் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் கட்டை எடுத்தார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. மேலிருந்து மூன்றாவது பத்தி. எழுத்து சின்னதுதான், கோணல்தான், ஆனால் படிக்க முடியாத எழுத்தில்லை. நின்றபடியே படித்தார், உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். 

அவரிடம் வருகிற மனுக்காரர்களில் சிலர் சொல்வதுண்டு. "அந்தப் பக்கம் எங்களுக்கு வரவே இல்ல சார், ஜெராக்ஸ்ல விட்டுப்போச்சு." அவர் ஒருபோதும் நம்பியதில்லை. இப்போது அந்த வாக்கியம் தானாக வந்து கையில் நின்றது. அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கம். பின்னைக் கழற்றினால் தெரியும் என்று அப்படியே பிடித்து இழுத்தார். நறுக்கென்று வந்துவிட்டது. மூலையில் நகமளவு துண்டு மட்டும் பின்னுக்கடியில் தங்கியது. அதைப் பிடுங்கப் பார்த்தார். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. தாளை நாலாக மடித்து அலுவலகப் பைக்குள் திணித்தார்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு குட்டி வேனில் வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை என்று சொல்லி இறங்கி, பையை மேஜையில் வைத்து, தாளை டிராயரின் அடியில் சொருகிப் பூட்டிவிட்டு வந்தார். குட்டி வேனில் காத்திருந்தாள்.

ஏல அலுவலகத்தில் அதே பெண்தான் இருந்தாள். குட்டி கட்டை மேஜையில் வைத்தாள். குரல் கொஞ்சம் ஓங்கியிருந்தது.

"இதுல இல்லாத நிபந்தனையை எப்படிங்க பின்னாடி சேப்பீங்க? எங்கண்ணன் ஒரு எழுத்து விடாம படிக்கறவரு. தெருப் பேருல இருந்த தப்பைக் கூடக் கண்டுபிடிச்சிருக்காரு, பாருங்க."

அந்தப் பெண் கோபப்படவில்லை. கட்டைத் தன் பக்கம் திருப்பிக் கடைசியிலிருந்து புரட்டினாள்.

"அறுபதுக்கு அப்புறம் அறுபத்து மூணு வருது மேடம். நடுவுல ஒரு தாள் காணோம்." தன்னிடமிருந்த மூலக் கட்டைத் திறந்து காட்டினாள். "இதோ அறுபத்தொண்ணு. பதினோராவது நிபந்தனை. ஆரம்பத்துலேர்ந்து இதுலதான் இருக்கு." பிறகு அவரைப் பார்த்தாள். "அன்னைக்குக் கூட நான் கேட்டேனே சார், பாத்தாச்சுன்னு சொன்னீங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

குட்டி கட்டைத் தன்னிடம் இழுத்து அறுபதாம் பக்கத்தைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். பின்னுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த அந்த நகமளவு துண்டைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தார். அவளுடைய கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து அந்தத் துண்டின் மேல் போய் உட்கார்ந்து அதை மறைத்தது.

"ஜெராக்ஸ் கடையில விட்டுப்போயிருக்கும்," என்றாள் அவள் அந்தப் பெண்ணிடம். "நான் எண்ணிப் பாத்து வாங்கியிருக்கணும். என் தப்பு. எங்கண்ணனுக்கு நான் கொடுத்ததே அப்படித்தான்."

அவர் பேசாமல் இருந்தார்.

"எங்ககிட்ட வீடு விக்க வர்றவங்ககிட்ட, உங்களுக்கு ஒரு காசு செலவில்லன்னு சொல்லித்தான் மேடம் பிடிக்கறோம்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் தணிந்த குரலில். "ஆனா செலவு செலவுதானே, யாராவது கொடுத்தாகணும்."

"அப்ப அதை முதல் பக்கத்துல போட்டா என்ன?"

அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மேலாளர் அறையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "போட்டா இந்த விலைக்கு யாரு மேடம் கை தூக்குவாங்க? நானும் சொல்லிப் பாத்துட்டேன். அதான் கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் பதினொண்ணுன்னு வாய்விட்டுக் கேக்கறேன். அதுக்கு மேல எனக்கு இங்க உரிமை இல்ல." பிறகு, பதினாறு நாளில் முழுப் பணமும் கட்டவில்லையென்றால் ஏலத்தன்று கட்டிய முன்பணம் போய்விடும் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

வேனில் அவர் குட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த இருக்கையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒடுங்கிக்கொண்டார். யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் காலடியில் உருண்டது. இரண்டு சிக்னல் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எங்க இருக்கு?"

"எது?"

"அண்ணா." அவ்வளவுதான் சொன்னாள்.

"ஆபீஸ்ல. மேஜை டிராயர்ல."

வேன் அவருடைய அலுவலகத்துக்குத் திரும்பியது. வாசலில் நிறுத்தி, "எடுத்துட்டு வா, எனக்குப் படிக்கணும்," என்றாள். அவர் மாடியேறிப் போனார். பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், லீவு போட்டுட்டு ஆபீஸ விட முடியலையா?" என்று சிரித்தார். இவரும் சிரித்து வைத்தார். டிராயரைத் திறந்து, அடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

தாளை அவள் ஸ்டியரிங்கின் மேல் விரித்து நீவினாள். மடிப்புகள் நிமிர மறுத்தன. "தப்பாப் படிச்சா சொல்லு," என்றுவிட்டு, சொல் சொல்லாக விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தாள். "விற்பவர் தரப்பின்... சட்டச் செலவு, ஏலக் கட்டணம்... மற்றும் சொத்தின் மீதுள்ள வரி நிலுவை அனைத்தும்... வாங்குபவரைச் சேரும்." நிமிர்ந்தாள்.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? எனக்கே புரியுதே."

தாளை மறுபடி மடித்தாள்.

"முழுசா எத்தனை பக்கம் படிச்ச?"

"முப்பது."

"முப்பதுதான் படிச்சேன்னு சொல்லியிருந்தா மீதியை நானே உக்காந்து படிச்சிருப்பேன் அண்ணா. எனக்கு நாலு நாள் இருந்தது."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டு குட்டி."

"திட்டினா உனக்கு லேசாயிடும்," என்றாள். "இறங்கு. எனக்குப் பிள்ளைங்களைக் கூட்ட நேரமாச்சு." மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவர் இறங்கினார்.

அன்று மத்தியானமே மனைவியிடம் சொன்னார். கடன் எடுக்க வேண்டும், அதற்கு அவள் கையெழுத்தும் வேண்டும். சொல்லாமல் முடியாது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு நின்றாள்.

"கிழிச்சீங்களா?"

"ஆமா."

"கையால கிழிச்சீங்களா?"

"வேற எப்படிக் கிழிப்பாங்க?"

அவள் அரிசிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "பணத்தை எடுத்துக் கொடுங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா குட்டி மூணாம் மனுஷி முன்னாடி என் தப்புன்னு சொன்னாளே, அப்பக் கூடவா உங்களுக்கு வாய் வரல?"

அலுவலகச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்து முழுத் தொகையையும் கொண்டுபோனார். குட்டி எண்ணிப் பார்த்துச் சரிபாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் பக்கம் தள்ளினாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "கை தூக்கினது நான்தானே," என்றாள். மறுபாதிக்கு அவள் என்ன செய்தாள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. வேனை விற்றுவிட்டாள். வாங்கியவர் நாலைந்து வேன் வைத்து ஓட்டுகிற ஒப்பந்தக்காரர். அவளையே சம்பளத்துக்கு ஓட்டச் சொல்லிவிட்டார். அதே வேன், அதே தடம், அதே பதினெட்டுப் பிள்ளைகள். சாயங்காலம் வண்டியை அவருடைய கொட்டகையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புகிறாள்.

வீடு கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் பண்ணப் போனார்கள். பாயிண்ட் அண்ணனும் துடைப்பத்தோடு போனார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துத் தூசு. குட்டி மாடியில் ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளின் கல்லூரி விண்ணப்பம் கீழே அட்டைப் பெட்டியின் மேல் கிடந்தது. முன்பானால் அது முதலில் அவர் கைக்குத்தான் வந்திருக்கும். ஓரங்களில் குட்டியின் கையெழுத்தில் பென்சில் குறிப்புகள் நிறைந்திருந்தன. அவர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பெருக்கினார்.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி மேல் ஏறி நின்று பழைய சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று, "அந்த ஜெராக்ஸ் கடைக்காரனை நினைச்சா இன்னும் ஆறல மச்சான்," என்றார்.

அவர் துடைப்பத்தை நிறுத்தினார். "எந்தக் கடைக்காரன்?"

"அதான், தாளை விட்டவன். உங்க தங்கச்சி சொன்ன அன்னைக்கே போனேன். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். வாடிக்கையாளருங்க நின்னாங்க. அந்த ஆளு திருப்பிப் பேசவே இல்ல. ஜெராக்ஸ் எடுத்த காசைத் திருப்பி நீட்டினான். அதையும் தட்டிவிட்டுட்டு வந்துட்டேன்."

பேசாத மனிதர் பேசிய நீளமான பேச்சு அது.  குட்டி புருஷனிடம்கூடச் சொல்லவில்லை என்று அவருக்கு அதுவரை தெரியாது. மாடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் சொல்லப் போவதில்லை. இவரும் சொல்லாமல் இருந்தால் விஷயம் அப்படியே அடங்கிவிடும். ஒரு கணம் அந்த நினைப்பும் வந்தது. வந்ததை அவர் தெரிந்துகொண்டார். அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

"மாப்பிள்ளை, கீழ இறங்குங்க," என்றார். "அவன் விடல. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல. படிச்சேன்னு சொன்னேன். அப்புறம் தெரியக் கூடாதுன்னு நான்தான் கிழிச்சேன்."

லிஃப்ட் மெக்கானிக் இறங்கவில்லை. கையிலிருந்த திருகாணியை முழுதாகக் கழற்றி, சட்டைப் பையில் போட்டார். அடுத்ததையும் கழற்றினார். பிறகு இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்றார். அவ்வளவுதான். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடை ஒரு ஆள் அகலம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. கடைக்காரர் ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், மூக்கில் புதுக் கண்ணாடி. ஒரு மாணவி நாலு பக்கப் பிரதியை வாங்கிக்கொண்டிருந்தாள். "எண்ணிப் பாத்துக்கம்மா, எண்ணிட்டு இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போடும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தவர், லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தார். மெஷினில் முதுகு இடித்தது.

"சார், நான் அன்னைக்கே..."

"நான் பேச வரல," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "இவரு பேசுவாரு."

பாயிண்ட் அண்ணன் பேசினார். அந்த மாணவி போகட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடி வாய் வராமல் போய்விடும் என்று பயம். கட்டு முழுதாகத்தான் வந்தது, அறுபத்தெட்டுப் பக்கமும் இருந்தது, ஒரு தாளைத் தான் கிழித்து ஒளித்துவைத்தேன், பழி உங்கள் மேல் விழுந்தது என்று வரிசையாகச் சொன்னார். மாணவி நோட்டின் மேல் பேனாவை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நான் விடலையா?"

"இல்ல. நீங்க சரியாத்தான் கொடுத்தீங்க."

"அறுபத்தெட்டும் இருந்ததா?"

"இருந்தது."

"இந்தக் கண்ணாடி அதுக்கு அப்புறம் போட்டது சார். கண்ணு போயிடுச்சுன்னு வீட்டுல ஒரே பிடிவாதம். பெரிய கட்டு எதுவும் இப்ப எடுக்கறதே இல்ல. பயமா இருக்கு. எதிர் ஆபீஸ்லேர்ந்து வர்றவங்களை வேற கடைக்கு அனுப்பிடறேன்." அவர் கோபப்படுவார் என்று பாயிண்ட் அண்ணன் காத்திருந்தார். கடைக்காரருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவசர அவசரமாகப் போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"நான்தான். கேளு, நான் விடலையாம். ஆமா, அந்த வீட்டுக் கட்டு. அவங்களே வந்து சொல்றாங்க. இங்கதான் நிக்கறாங்க. நிஜமாத்தான் சொல்றேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை நீட்டினார். "நம்ப மாட்டேங்கறா சார். உங்ககிட்ட பேசணுமாம்."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"நிஜமாவா சார்? அவரு மேல தப்பு இல்லையா?"

"இல்லம்மா. நான்தான் கிழிச்சேன்."

"எதுக்கு சார் கிழிச்சீங்க?"

அதுவரை யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை. குட்டி கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை, பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையும் கேட்கவில்லை.

"படிக்காமலே படிச்சேன்னு சொல்லிட்டேம்மா," என்றார். "எங்க வீட்டுல நான்தான் எல்லாத்தையும் படிக்கறவன். அது பொய்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு கிழிச்சேன்."

எதிர்முனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் அந்த அம்மாள். "போனை அவருகிட்ட கொடுங்க."